வேதாகமத்தைப் பீரோவில் பூட்டிய கதை

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் திட்டு விழும். சனங்களைக் கெடுத்து வைத்திருப்பதே நீதான் என்று பங்குச் சாமியார் சொல்வார். சாமியாரிடம் போட்டுக் கொடுப்பதே நீங்கள்தான் என்று சனங்கள் சொல்வார்கள். ஒரே நாளில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீகளே, ரேசன் கடைக்குப் போனீகளா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஜெப மந்திரம் கற்றுத் தருவது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது, இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட நேரத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எண்பதுகளில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

சித்தையன்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிளைக் கிராமம். பெயர் வேண்டாம். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் பங்குக் கோயிலுக்குச் சேர்ந்த ஊர். மாதத்தில் ஒரு பூசைக்குச் சாமியார் வருவார், மற்ற நாளெல்லாம் என் சைக்கிள்தான் வரும். கோயில் பீடத்தில் பெரிய வேதாகமம் ஒன்று இருந்தது. அதற்குத் தூபம் காட்டுவோம், பெரிய திருநாளில் வரிசையில் நின்று உதட்டை வைத்து முத்தி செய்வோம். திறந்து வாசிப்பது சாமியார் மட்டும். நம்மைப் போன்றவர்கள் வாசித்தால் புத்தி பேதலித்துப் போகும் என்று என் சின்ன வயதில் பெரியவர்கள் பயமுறுத்தியதுண்டு. அந்தப் பயம் அந்த ஊரில் முழுசாகப் போயிருக்கவில்லை.

அந்த வருடம் தவக்காலத்தில் வெளியூரிலிருந்து தியானம் கொடுக்க ஒரு குழு வந்தது. நன்றாகத்தான் பேசினார்கள். போகும்போது வீட்டுக்கு ஒரு வேதாகமம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சாயங்காலம் பெண்கள் எல்லாம் சவரியம்மாள் வீட்டு முற்றத்தில் கூடி வாசிக்க ஆரம்பித்தார்கள். சவரியம்மாள் மல்லிகைத் தோட்டங்களுக்குப் பூ எடுக்க ஆள் கூட்டிப் போகிறவர். விடியற்காலையில் தெருக் கோடியில் நின்று கூப்பிட்டால் அடுத்த தெருவில் இருக்கிறவர்களும் எழுந்து வருகிற மாதிரிக் குரல். அவருக்கு எழுத்துத் தெரியாது. மருமகள் ஆரோக்கியம் பத்தாவது படித்தவள், அவள்தான் வாசிப்பாள். பொழுது சாய்ந்து நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது அந்தச் சத்தம் காதில் விழும். ஆண்டவரே, உமக்குத் தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே போவேன்.

கொஞ்ச நாள்தான். அதற்குள் விரல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, வேதாகமத்தை வந்த இடத்தில் பிரித்து, விரலை வைப்பது. விரல் பட்ட வரிதான் ஆண்டவர் சொன்ன பதில். அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்கலாம். அதற்கு மேலேயோ கீழேயோ பார்த்தால் விசுவாசக் குறைவு. இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள்.

ஒருவர் கிணறு வெட்ட இடம் கேட்டு விரல் வைத்தார். ஏதோ ஒரு ராசா பாலைவனத்தில் படையை இறக்கிய வரி வந்தது. மனுசர் நல்ல நிலத்தை விட்டுவிட்டுத் தரிசுக் காட்டில் போய்த் தோண்டினார். பாறைதான் வந்தது. இன்னொரு வீட்டில் நிச்சயமான கல்யாணத்துக்கு விரல் வைத்தார்கள். அது வம்ச அட்டவணையில் போய் விழுந்தது. அந்த வரிசையில் மாப்பிள்ளை பெயர் இல்லை என்று கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அவன் பெயர் ராஜ்குமார். அது எப்படி அதில் இருக்கும்? நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். "உபதேசியாருக்குப் பொறாம" என்று என் காதுபடவே பேசினார்கள்.

இதற்கு நடுவில் ஒரு பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, "சாமி சொல்றது எத்தனாம் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. பக்கம் தெரிந்தால் வீட்டில் போய்ப் பார்க்கலாமே என்றுதான் கேட்டார். ஆனால் எங்கள் சாமியாருக்கு அப்படிக் கேட்கவில்லை. நல்லவர்தான் அவர். காய்ச்சலில் கிடந்தால் குடிசைக்குள் குனிந்து போய்ப் பக்கத்தில் உட்காருவார். கோபம் மட்டும் மூக்கு மேலே இருக்கும். பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

ஊரில் உள்ள எல்லா வேதாகமங்களையும் வாங்கிக் கோயில் பீரோவில் வைத்துப் பூட்டு என்றார். தன் உத்தரவு இல்லாமல் பீரோவைத் திறக்கக் கூடாது என்றார்.

"சாமி, விரல் வைக்கிறத நிப்பாட்டுவோம். புத்தகத்த எதுக்கு நிப்பாட்டணும்?" என்று கேட்டேன்.

"வருசக்கணக்கா செமினரியில உக்காந்து படிச்சவனுக்கே இதுல பாதி விளங்கல. இவங்களுக்கு ஒரு வாரத்துல விளங்கிருச்சாக்கும்? சொன்னதச் செய்யி."

செய்தேன். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். சிலர் கொடுத்தார்கள், சிலர் முற்றத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சவரியம்மாள் மட்டும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "வேதத்தக் கொடுத்துட்டுத் திரும்பப் பிடுங்குற வேதக்காரவுகள இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார். சாக்கைக் கட்டி, பூசை உடுப்பு வைக்கிற பீரோவின் அடித் தட்டில் அடுக்கிப் பூட்டிவிட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன்.

விரல் வைப்பது அதோடு தீர்ந்துவிடும் என்று சாமியார் நினைத்தார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன்.

ஆரோக்கியம் அப்போது மாசமாக இருந்தாள். இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை குறுக்கே கிடந்து, வீட்டிலேயே பிரசவம் பார்த்து, செத்துப் பிறந்தது. அந்தக் குழியில் மண் தள்ளிய ஆட்களில் நானும் ஒருவன். இந்தத் தடவையும் பிள்ளை குறுக்கேதான் கிடக்கிறது, வலி வரும் முன்னாலேயே வந்து படுத்துக்கொள் என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். போயிருப்பாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அந்த மாதப் பூசைக்கு ஏற்பாடு செய்ய அந்த ஊருக்குப் போனேன். சவரியம்மாள் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே ஆரோக்கியம் வலியில் முனகுவது கேட்டது. அவள் புருசன் அந்தோணி, வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று பதறிக் கேட்டேன். அவன் தாயைப் பார்த்தான். சவரியம்மாள் ஜெபமாலையும் கையுமாக நிதானமாகச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி வேண்டாம் உபதேசியாரே. ஆண்டவர் சொல்லிட்டாரு. மருத்துவச்சி வாரதுக்கு முன்னாலயே பெத்துப் பொழச்சுக்குவா."

அப்போதுதான் விசயமே எனக்குத் தெரிந்தது. நான் சாக்கோடு வருவதற்கு முந்தின நாள் மருமகளுக்காகச் சவரியம்மாள் விரல் வைத்திருக்கிறார். ஆரோக்கியமே வாசித்திருக்கிறாள். எபிரேயப் பெண்கள் பலசாலிகள், மருத்துவச்சி வந்து சேரும் முன்பே பெற்றுவிடுகிறார்கள் என்கிற வரி வந்திருக்கிறது. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அழுதுவிட்டார்களாம். மறுநாள் நான் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஒரு வரி மட்டும் அவர்களிடம் தங்கிவிட்டது.

அது மோயீசன் தீர்க்கதரிசி பிறப்பதற்கு முன்னால் எகிப்தில் நடந்த கதை என்று எனக்குத் தெரியும். அப்படி இல்லையம்மா, அதற்கு மேலே வேறு இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். சவரியம்மாள் கையை ஓங்கி நிறுத்தினார்.

"நீங்க பேசாதீக. எங்களுக்கு வாக்கு வந்தது பொறுக்காமத்தான சாமியாரும் நீங்களும் சேந்து அள்ளிக்கிட்டுப் போனீக?"

கூட்டமும் ஆமாம் என்றது. அந்தோணி என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன சொன்னாலும் சாக்குத் தூக்கி வந்தவன் சொல்கிறான் என்றுதான் அவர்கள் காதில் விழும். இத்தனை வருசம் அந்த ஊரில் ஜெபம் சொன்ன வாய் அன்று ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. விரல் வைத்த அந்தம்மா மேல் எரிச்சல், பூட்டச் சொன்ன சாமியார் மேல் எரிச்சல், ஒரு வார்த்தை பேசாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தோணி மேல் எரிச்சல். உள்ளே ஒரு உயிர், இல்லை, இரண்டு உயிர்.

உத்தரவு கேட்கலாம் என்றால் சாமியார் பங்கில் இல்லை. யாரையோ ரயிலேற்றிவிடக் கொடைரோடு போயிருந்தார். ஆள் போய்த் தேடிக் கூட்டிவர மத்தியானம் ஆகும். திறந்தால் என் வேலை போகலாம். எனக்கும் வீட்டில் நாலு வாய் இருந்தது. இவ்வளவும் மனசில் ஓடியது. ஆனால் நின்று யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கால் கோயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பீரோவைத் திறந்து, கைக்கு வந்த ஒரு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

சவரியம்மாளுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது. விரலெல்லாம் வேண்டாம், அன்றைக்கு வந்த அதே இடந்தான் என்று சொல்லி, பக்கத்தை எடுத்து அந்தோணி கையில் கொடுத்தேன். அந்த வரிக்கு நாலு வரி மேலே இருந்து வாசி என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடத்தைத்தான். அந்தோணி ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அவன் ஒரு வரி முடிப்பதற்குள் நான் முழு அதிகாரத்தையும் வாசித்து முடித்திருப்பேன். பிடுங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் நான் வாசித்தால் அது சாமியார் ஆள் வாசித்தது ஆகிவிடும். இல்லாததைச் சேர்த்து வாசித்தான் என்பார்கள். அவன் வாயால் வந்தால்தான் அவன் ஆத்தாளுக்கு ஏறும். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உபதேசியார் வேலையில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அது. வாயை மூடிக்கொண்டு அடுத்தவன் வாசிப்பதைக் கேட்பது.

அவன் "எகிப்து" என்பதையே மூன்று துண்டாக உடைத்தான். உள்ளேயிருந்து ஆரோக்கியத்தின் குரல் வந்தது.

"இந்தாங்க, நீங்க இப்படியே எழுத்துக் கூட்டிக்கிட்டு இருங்க. மிச்சத்தப் பிள்ள வெளிய வந்து வாசிக்கட்டும்."

வாசலில் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தோணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேகமாகப் போனான். எகிப்து ராசா இரண்டு மருத்துவச்சிகளைக் கூப்பிட்டு, ஆண் பிள்ளை பிறந்தால் கொன்றுவிடச் சொன்னதை வாசித்தான். அவர்கள் ஆண்டவருக்குப் பயந்து கொல்லாமல் விட்டதை வாசித்தான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ராசா கேட்டதை வாசித்தான். அதற்கு அவர்கள் சொன்ன பதிலாக அந்தப் பழைய வரி வந்தது. அவன் அங்கே நிறுத்தினான். திரும்ப மேலே போய் ஒரு தடவை, கீழேயும் இரண்டு வரி, மனசுக்குள் வாசித்தான்.

"ஆத்தா, இது நமக்குச் சொன்னது மாதிரித் தெரியல. ராசாகிட்டத் தப்பிக்க அவளுக சொன்ன சாக்கு இது."

"ராசா சொன்னத அவளுக கேக்கலயா?"

"கேக்கல. பிள்ளைகள உசுரோட விட்டுட்டாளுக. அதுக்கு ஆண்டவர் அவளுகளுக்கு நல்லது செஞ்சாருன்னு கீழ போட்டிருக்கு."

"அப்பப் பிள்ளைகளக் காப்பாத்துனது மருத்துவச்சியா?"

"ஆமாத்தா."

சவரியம்மாள் மகன் பக்கத்தில் வந்து அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்த மருத்துவச்சிகள் பெயர் போட்டிருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது என்று அந்தோணி வாசித்துக் காட்டினான். ராசா பெயர்? அவன் மேலும் கீழும் தேடினான். பெயர் இல்லை, ராசா என்றுதான் இருக்கிறது என்றான்.

சவரியம்மாள் ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். மகனைப் பார்த்து, "இத அன்னைக்கே வாசிச்சிருந்தா என்னடா?" என்றார். அன்றைக்கு அந்த ஒரு வரிக்கு மேல் வாசிக்கக் கூடாது என்று தடுத்ததே அவர்தான். அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீகளே உபதேசியாரே, வண்டிய எவன் பாக்குறது?"

ரோட்டுக்கு ஓடினேன். திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சித்தையன்கோட்டை பாய் ஒருவருடைய லாரி வந்தது. கையைக் காட்டினேன். என்ன ஏது என்று அவர் கேட்கவே இல்லை. பின்னால் இருந்த தார்களை ஒதுக்கி, சாக்கை விரித்துப் போட்டு ஏற்றிக்கொண்டார். சவரியம்மாள் எங்கள் கூடவே ஏறி, செம்பட்டி தாண்டும் வரை, லாரியை மெதுவாக ஓட்டச் சொல்லி ஒரு தடவையும் வேகமாக ஓட்டச் சொல்லி ஒரு தடவையும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இம்புட்டு நேரம் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டது என்னைத்தான். ஆப்பரேசன் செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தோத்திரம்.

மறுநாள் சாமியாரே ஆள் அனுப்பிவிட்டார். நான் சொல்லும் முன்பே யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அறைக்குள் போனதும், யாரைக் கேட்டுத் திறந்தாய் என்றார். நடந்ததைச் சொன்னேன். பிள்ளை பிழைத்ததற்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, மறுபடியும் யாரைக் கேட்டுத் திறந்தாய் என்றார். சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தேன்.

அவர் சாவியை எடுக்கவில்லை. எந்த இடத்தை வாசித்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். தன் வேதாகமத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார்.

"இத வாசிச்சுட்டு இப்ப நான் உன்ன என்னன்னுய்யா திட்டுறது?" என்றார். "அந்த ராசா இடத்துல என்னயக் கொண்டுபோய் நிறுத்திட்டியே."

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. சாவியை என் பக்கம் தள்ளிவிட்டார். புத்தகங்களைத் திருப்பிக் கொடு, ஆனால் இனி விரல் வைக்கக் கூடாது, வாசித்தால் முழுக் கதையையும் வாசிக்க வேண்டும், நானே வந்து உட்காருவேன் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்பதை முந்தின நாள்தான் கற்றிருந்தேன்.

சொன்னபடி அவர் வந்தார். சவரியம்மாள் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். ஆரோக்கியம் பிள்ளையோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த மருத்துவச்சிகள் கதையையே எடுத்து சாமியார் நன்றாக விளக்கினார். முடித்துவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். யாரும் கேட்கமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் எல்லாச் சாமியார்களும் இதைக் கேட்பார்கள். சவரியம்மாள் கேட்டார்.

"சாமி, அந்த ரெண்டு பேரும் ராசாகிட்டப் பொய்யில்ல சொன்னாளுக? பொய் சொன்னாப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்னு எங்களுக்குச் சொல்றீக. ஆண்டவர் அவளுகளுக்கு மட்டும் நல்லது செஞ்சா எப்பிடி?"

சாமியார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தினார். வேறு மாதிரி ஆரம்பித்தார். அதையும் நிறுத்தினார். என் பக்கம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் தெரியாது.

"தெரியலம்மா. படிச்சுட்டு வந்து சொல்றேன்."

எத்தனையோ சாமியார்களின் கீழே வேலை பார்த்திருக்கிறேன். இந்த வார்த்தையை அதற்கு முன் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. போச்சு, இவர் மரியாதை இன்றோடு போச்சு என்று நினைத்தேன். சவரியம்மாள் சும்மா இருப்பாரா? மறுநாள் பூ எடுக்கிற இடத்தில் எல்லோரிடமும், "சாமியாருக்கே தெரியலயாம்டி" என்று சொல்லியிருக்கிறார். ஒரு பகலில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் முற்றம் கொள்ளவில்லை. ஜெபத்துக்கு ஒரு நாளும் வராத ஆம்பளைகள்கூட வந்து சுவர் ஓரமாக நின்றார்கள். ஒருவரிடம் என்ன விசேசம் என்று கேட்டேன். "சாமியாருக்கு இன்னும் என்னென்ன தெரியாதுன்னு பாக்க வந்தோம்" என்றார். அது சாமியார் காதிலும் விழுந்தது. இதுவும் உன் வேலைதானா என்கிற மாதிரி என்னை முறைத்தார். வழக்கம்போல நான்தான் அகப்பட்டேன்.

ஆனால் அவர் இரண்டு தடிமனான புத்தகங்களைக் கையோடு கொண்டு வந்திருந்தார். நடுவில் காகிதத் துண்டு செருகிச் செருகி வைத்திருந்தார். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எல்லாம் விளங்கியது என்று சொல்ல மாட்டேன். சவரியம்மாளுக்கும் திருப்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் இவர் நமக்காக உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

பாதியில் ஆரோக்கியத்தின் பிள்ளை வீறிட்டு அழுதது. கூட்டத்தில் சிலர் அவளை வீட்டுக்குள் எழுந்து போகச் சொல்லிச் சைகை காட்டினார்கள். சாமியார் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, புத்தகத்தில் விரலை அடையாளம் வைத்து மூடிக்கொண்டு, அது பால் குடித்து முடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.